பச்சை விளக்கும் குமராட்சிப் பெண்களும்

இந்தத் தொழிலில் மிஷின் தப்பு செய்தால் ரிப்பேர் என்பார்கள். ஆள் தப்பு செய்தால் கூட்டிக்கொண்டு வந்தவளைத் திட்டுவார்கள். லேபிலோ ஆஸ்பத்திரியிலோ உதவியாளாக இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

2010-ல் சிதம்பரத்தில் ஒரு மூளை ஸ்கேன் ஆராய்ச்சியில் எனக்கு வேலை. ஸ்கேனுக்குள் படுத்திருப்பவர் பச்சை விளக்கைப் பார்த்ததும் பொத்தானை அமுக்க வேண்டும். விளக்கு எரிந்து எவ்வளவு நேரத்தில் தசை அசைகிறது என்று கையில் ஒட்டிய ஸ்டிக்கர்கள் காட்டும். எங்கள் குமராட்சிப் பெண்களை அழைத்து வந்தது நான்தான்.

வெள்ளிக்கிழமைக் குளியல்

"சுத்தமா வாங்க" என்று சொல்லியிருந்தேன். நாற்று நடும் செல்வி அக்கா, வெள்ளிக்கிழமையாச்சே என்று உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார். ஸ்டிக்கர் ஒட்டினால் வழுக்குகிறது. ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து என் கைதான் வெளுத்தது. ஆராய்ச்சி சார் எரிந்து விழுந்தார்.

"கிராமத்துப் பொம்பளைங்களே வேணாம்மா, காலேஜ் பசங்க போதும்."

தூங்கிய தம்பி

நாளைக்குக் கை விளங்காமல் போனவர்களுக்கு வைத்தியம் பார்க்கத்தானே இந்த ஆராய்ச்சி? அதில் எங்கள் ஊர்க்காரிகள் கை வேண்டாமாம்!

அடுத்து ஒரு காலேஜ் தம்பி வந்தான். விளக்கு எரிகிறது, கை அசையவில்லை. கேமராவில் பார்த்தால் கண் மூடியிருக்கிறது. வீட்டில் என் பாப்பாவைத் தூங்கவைக்க நான் படும் பாடு எனக்குத் தெரியும். இவனோ அந்த மிஷின் சத்தத்திலும் தூங்குகிறான். சார் சிரித்தார்.

"பரீட்சை நேரம்மா, பாவம். நாளைக்கு வரட்டும்."

முந்திக்கொண்ட கை

எனக்குக் கொதித்தது. "அவனுக்கு நாளைக்கு உண்டு, அக்காவுக்குக் கெடையாதா சார்?" என்று கேட்டேவிட்டேன். சார் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

செல்வி அக்கா எண்ணெய் இல்லாமல் வந்தார். ஸ்டிக்கர் ஒட்டியது. ஆனால் விளக்கு வருமுன்பே கை அசைகிறது! சார் முகம் இறுகியது. ஏன் முந்துகிறீர்கள் என்று மைக்கில் கேட்டேன். "வெளக்கு வந்தப்புறம் அமுக்குனா லேட்டுன்னு சார் கத்த மாட்டாரா? வயல்ல மேஸ்திரி கத்துறாரே!" என்றார் அக்கா. "கத்த மாட்டாரு, பாத்துட்டே அமுக்குங்க" என்றேன், சாரைப் பார்த்துக்கொண்டே. அப்புறம் ஒன்றும் தப்பவில்லை, பதிவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது மினிபஸ்ஸில் தூங்கிய தம்பி கதையைச் சொன்னேன். அக்கா என்னை முறைத்தார்.

"ஏண்டி, தப்பு பண்றதுக்குக்கூட காலேஜ் படிச்சிருக்கணுமா?"

மொத்தத்தில், மூளையை அளக்கும் இடத்தில் நான் கற்றது, வாயைத் திறக்காவிட்டால் நம் ஆட்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள் என்பதுதான்.