அக்கா சில்லறை மாற்றிய சனிக்கிழமை

எங்கள் தெருவில் அக்கா இட்லி மாவு விற்கிறாள். யார் எந்தக் காசைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். மைசூரில் பத்து ரூபாய் நாணயத்தைப் பெட்டிக்கடைக்காரரும் ஆட்டோக்காரரும் ‘நடெயல்லா’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். செல்லாது என்று அதற்குப் பொருள். அதனால் தெருவில் யாரிடம் அந்தக் காசு மாட்டிக்கொண்டாலும் கடைசியில் அக்காவின் வாசலுக்கு வந்துவிடும். “அரசாங்கம் அடிச்ச காசு. வேண்டாம்னு சொல்ல நான் யாரு?” என்பாள். அப்படியே ஓர் எண்ணெய் டின் நிறைந்தது.

போன மாதம் ஒரு புதன்கிழமை அவளுடைய கிரைண்டரின் மோட்டார் எரிந்துபோனது. மூடிவிட்ட மெஸ் ஒன்றின் பெரிய கிரைண்டர் பழைய சாமான் கடையில் விலைக்கு இருந்தது. அக்கா கொஞ்சம் முன்பணம் கொடுத்தாள். மீதி பதினோராயிரத்தைச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் கொடுத்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் கேட்டிருக்கும் இன்னொருவருக்கு என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அதுவரை பக்கத்து வீட்டுச் சின்னக் கிரைண்டரில் ஒப்பேற்றினாள். வாடிக்கைக்காரர்கள் ஒரு வாரம் பாக்கெட் மாவுக்குப் போய்விட்டால் திரும்பி வரமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

டின்னைக் கொட்டி நான் எண்ணினேன். இந்த மாதிரி வேலை எனக்குப் பிடிக்கும். பதினோராயிரத்து நானூறு. வங்கியில் கேட்டேன். எண்ணுவதற்கு ஆள் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். சில்லறை மாற்றித் தருகிற ஒருவர் நூற்றுக்கு எட்டு ரூபாய் கமிஷன் கேட்டார். கணக்குப் போட்டால் பதினோராயிரம் தேறவில்லை. அக்காவுக்கு அதைவிடக் கோபம் வேறு விஷயத்தில்.

“என் காசை நான் வாங்க, என் காசையே கொடுக்கணுமா?”

காசுகளை மார்க்கெட்டிலேயே மாற்றிவிடலாம், பூவும் பழமும் விற்கிறவர்களுக்குச் சில்லறை எப்போதும் தேவை என்றாள். ஆனால் மாவுக் கையோடு வாங்கிப் போட்ட காசுகள். காய்ந்த மாவு அப்பிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் உட்கார்ந்து, குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தோம். தேய்த்துத் துடைத்ததும் அழகாகத்தான் இருந்தன. ஐந்நூறு ஐந்நூறாகக் கட்டிவைத்தேன்.

சனிக்கிழமை காலை தேவராஜா மார்க்கெட்டின் பூ வரிசையில்தான் எங்கள் தவறு புரிந்தது. குண்டலுபேட்டைப் பக்கத்துப் பூக்காரர் ஒருவர் கட்டைப் பிரித்து ஒரு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னக்கா இது, நேத்துதான் அடிச்சீங்களா?”

“தொட்டுப் பாரு, இன்னும் சூடு ஆறியிருக்காது” என்றாள் பக்கத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்த பெண். வரிசையே சிரித்தது.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பத்து ரூபாய் நாணயமே கள்ளக் காசு என்று ஏற்கெனவே ஊரில் வதந்தி. அதை நாங்களே பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறோம். அக்கா அசரவில்லை.

“ஆமாம்பா, வீட்டுல மெஷின் வெச்சிருக்கேன். அது ரிப்பேர். அதான் புதுசு வாங்கப் பணம் தேடறேன்” என்றாள்.

இப்போது பூக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். “இப்பப் பணம் தர வேண்டாம். வெச்சுக்கோ. வர்றவங்களுக்குச் சில்லறையாக் கொடு. சாயங்காலம் வரேன். போனதுக்குப் பணம் கொடு, போகாததைத் திருப்பிக் கொடு.”

அவர் ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டுக் கட்டைச் சாக்குக்கு அடியில் வைத்தார். மாலை கட்டுகிற பெண் தானாகவே கை நீட்டி ஒரு கட்டு வாங்கினாள். அங்கிருந்து வாழைப்பழம், வெற்றிலை, தேங்காய் என்று போய்க்கொண்டே இருந்தோம். முன்பின் தெரியாதவர்களிடம் ஐந்நூறு ஐந்நூறாக விட்டுவிட்டு வந்தாள். யாரிடம் எத்தனை என்று குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தேன்.

“உள்ளே வைடா. நீ எழுதினா அவங்க என்ன நினைப்பாங்க? நாம அவங்களை நம்பலேன்னு நினைப்பாங்க. அப்புறம் அவங்க எதுக்கு நம்ம காசை நம்பணும்?”

பேனாவை உள்ளே வைத்தேன். இத்தனை வருஷம் அலுவலகத்தில் கையெழுத்து வாங்காமல் ஒரு பென்சில்கூடக் கொடுத்ததில்லை நான்.

சாயங்காலம் அவளை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போக வந்தபோது அவள் சமையலறையில் இரண்டு பெரிய அண்டாக்களில் அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக் கிரைண்டரில் விடிய விடிய அரைத்தாலும் பாதி தீராது.

“பணம் இன்னும் கைக்கு வரலையேக்கா” என்றேன்.

“வந்ததுக்கப்புறம் ஊறப் போட்டா நாளைக்கு மாவு எப்படிப் புளிக்கும்?”

பூக்காரர் எங்களைப் பார்த்ததும் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். “கோயிலுக்குப் போறவங்க, தட்டுல போடப் புதுக்காசு குடுன்னு கேட்டே வாங்கறாங்கக்கா. இன்னொரு கட்டு இருக்கா?” தேங்காய்க்காரர் வியாபார மும்முரத்தில் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பணத்தை நீட்டினார். வாழைப்பழக்காரர் மட்டும் சலித்துக்கொண்டே நாலு காசைத் திருப்பிக் கொடுத்தார். “எங்கிட்ட தினம் பழம் வாங்கற வாத்தியார் ஒருத்தர் இருக்காரே, என்ன சொன்னாலும் வாங்கமாட்டேன்னுட்டார்.” அக்கா அதை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு, அவரிடமே ஒரு சீப்பு பழம் வாங்கினாள்.

ஒருவர்கூட ஏமாற்றவில்லை. அதைவிட எனக்கு ஆச்சரியம், யாரிடம் எவ்வளவு என்று ஓர் இடத்தில்கூட அவள் தடுமாறவில்லை என்பது. கேட்டால், “கொடுத்தவளுக்குத் தெரியாதா?” என்றாள்.

எட்டு மணிக்குள் பழைய சாமான் கடையில் நோட்டுகளாகக் கொடுத்தோம். கிரைண்டரைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றினோம். முன்னால் உட்காரச் சொன்னாலும் கேட்காமல், பின்னால் நின்றபடி கல் உருளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் இறக்கியதும் முதலில் உப்பும் தவிடும் போட்டு ஓடவிட்டுக் கழுவினாள். பிறகு உளுந்தை அள்ளிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாவு வாங்க எல்லாரும் வழக்கம்போல் வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு எதுவும் இல்லாதபடி மாவு நன்றாகப் பொங்கியிருந்தது.