கன்னுக்குட்டியின் டார்ச்

என் அக்கா பஸ் ஓட்டுகிறவள். டிப்போவில் வண்டியை நிறுத்தினால் பேட்டரி இணைப்பைத் துண்டிக்காமல் இறங்கமாட்டாள். எடுக்கும்போது ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள், போன வருஷம் சைக்கிள் பயணத்துக்கு அத்தை மகன், எங்கள் அத்தான், கொடுத்த டார்ச்சை மட்டும் பார்க்காமல் பைக்குள் போட்டாள். "நான் செக் பண்ணிட்டேன், பேசாம வை" என்று அவர் சொன்னாராம். சொந்தக்காரன் வார்த்தையை நம்பினாள், மடச்சி.

பைக்குள் துணி அழுத்திப் பொத்தான் அமுங்கி, அது காலையிலிருந்தே எரிந்திருக்கிறது. பழைய ரயில் சுரங்கத்தின் நடுவில் கையில் எடுத்தபோது உயிர் இல்லை. அக்கா சுவரோர வடிகாலில் சைக்கிளோடு விழுந்து "அம்மா" என்று கத்தினாள். பின்னால் வந்த அத்தான் கை கொடுக்கவில்லை. போன் விளக்கைப் போட்டுப் படம் எடுத்தார். "கன்னுக்குட்டி கத்துது பாருங்க" என்று பேசிச் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் அனுப்பினார். நாசமாய்ப் போக.

அன்றிலிருந்து அக்காவுக்குக் கன்னுக்குட்டி என்றே பேர். விசேஷ வீடுகளில் அவள் நுழைந்தால் ஏதாவது ஒரு மூலையிலிருந்து "ம்மா" என்று சத்தம் வரும். அதைக்கூட அவள் விழுங்கிக்கொண்டாள். ஆனால் அவள் மகள், நாலு பேர் முன்னால் அவளை 'அம்மா' என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். கூப்பிட்டால் எல்லாரும் சிரிப்பார்களாம். பக்கத்தில் வந்து தோளைச் சுரண்டுவாள்.

"அந்த வார்த்தையத் திருப்பி வாங்காம விடமாட்டேன்டீ" என்றாள் அக்கா. இந்த வருஷமும் பயணத்துக்குப் பேர் கொடுத்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு டார்ச் வாங்கப் போனாள்.

கடைக்காரர் உலக்கை மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினார். "இத அடிச்சா எதிர் மலை தெரியும்க்கா."

"எதிர் மலை தெரிஞ்சு நான் என்ன பண்ண? என் காலடியில பள்ளம் தெரியணும்."

விரல் நீளத்தில் ஒன்றைப் பொறுக்கினாள். பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பென்சில் பேட்டரி ஒன்று போட்டால் எரியுமா, தொப்பி விளிம்பில் மாட்டக் கொக்கி இருக்கிறதா, கூடாரத்துக்குள் பக்கத்தில் படுத்திருப்பவள் விழிக்காமல் செருப்பைத் தேடும் அளவுக்கு மங்கலாகவும் எரியுமா என்று குடைந்தாள். கடைசியாகப் பின் மூடியைக் கால் திருகு தளர்த்திப் பொத்தானை அமுக்கினாள். எரியவில்லை. மறுபடி அமுக்கினாள். எரியவில்லை.

"பேட்டரி கட் ஆயிடுச்சு. இனி பைக்குள்ள என்ன அழுத்தினாலும் எரியாது" என்றாள். அவ்வளவு நிம்மதியை நான் அவள் முகத்தில் பார்த்து வெகுநாளாகிறது.

பயணத்தன்று அத்தான் அதே மாதிரி ஓர் உலக்கையைத்தான் கொண்டுவந்திருந்தார். எல்லாரிடமும் காட்டிப் பீற்றிவிட்டுத் துணிப்பைக்குள் திணித்தார். அக்கா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கென்ன தலையெழுத்தா?

சுரங்க வாயிலில் அவர் அதை எடுத்தபோதே வெளிச்சம் நோஞ்சானாக இருந்தது. கௌரவம் விடுமா? முன்னால் போனார். நாங்கள் இருவரும் பின்னால். மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. பாதி வழியில் அவர் வெளிச்சம் அணைந்தது. சைக்கிள் சரிகிற சத்தம், தண்ணீரில் போன் விழுகிற சத்தம், அப்புறம் நீட்டி முழக்கி ஒரு "அம்மா".

அக்கா தன் டார்ச்சை அணைத்தாள். நானும் அணைத்தேன். வயிறு குளிர்ந்தது எனக்கு, பொய் சொல்வானேன்.

"யாராவது இருக்கீங்களா? ஐயோ, அம்மா."

"இன்னொரு தடவ கூப்பிடட்டும்" என்று அக்கா என் காதில் சொன்னாள். கூப்பிட்டார். என் கை போனைத் தேடியது. அக்கா பிடித்து நிறுத்தினாள். "வேணாம்டீ. நாம கேட்டோம்னு அவருக்குத் தெரிஞ்சா போதும்."

அவசரமே இல்லாமல், மங்கல் வெளிச்சத்தை மட்டும் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். வடிகாலில் இடுப்பளவு சேற்றோடு உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், இந்தப் பக்கம் ஒரு கன்னுக்குட்டி கத்திச்சு. பாத்தீங்களா?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். வெளியே வரும்வரை அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

அடுத்து அத்தை வீட்டில் எல்லாரும் சாப்பிடக் கூடினோம். யாரோ ஒரு பொடிசு "கன்னுக்குட்டி படம் போடுங்க" என்று கேட்டது. அக்கா பையிலிருந்து டார்ச்சை எடுத்து இலை ஓரமாக நிறுத்திவைத்தாள். அத்தான் அதைப் பார்த்தார். "அதெல்லாம் அழிச்சாச்சு, சாப்பிடு" என்றார்.

கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அக்கா மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, உப்பு எங்க?" என்றாள், நல்ல சத்தமாக.

நான் முதலில் அத்தான் வாயைத்தான் பார்த்தேன். மென்றுகொண்டிருந்தது.

"இந்தா, இங்க இருக்கு" என்றாள் அக்கா.