மொட்டைத் தலைக்கு ஒரு குல்லாய்

போன வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். பஞ்சாமிர்தம் கொடுக்க வந்த தாய், சளி பிடித்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இந்த வத்தலக்குண்டு வெயிலில் அதன் தலையில் கம்பளிக் குல்லாய் மாட்டியிருந்தாள். குழந்தைக்கு அவளைவிட விவரம் அதிகம். பிடுங்கி எறிந்துகொண்டே இருந்தது. என் காலடியில் வந்து விழுந்ததை எடுத்தேன். எடுத்தவள் சும்மா கொடுத்திருக்கலாம், மூக்கருகே கொண்டுபோனேன். ஈரச் சந்தனமும் வேர்த்த கம்பளியும் கலந்த வாசனை. பஞ்சாமிர்தத்தை வாங்கிக்கொண்டு பாதிப் பேச்சில் கதவைச் சாத்திவிட்டேன். கிழவிக்கு என்ன கோபமோ என்று அவள் நினைத்திருப்பாள்.

இந்த வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மொட்டை போடுகிற ஊரில் கம்பளி விற்பதில்லை, கம்பளி விற்கிற ஊரில் மொட்டை போடுவதில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டு வியாபாரம் செய்யலாம் என்று கண்டுபிடித்த மேதாவி, எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் மூஞ்சிக்கல்லுக்குக் கீழே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தோம். எங்கள் வீட்டுக்காரர் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். கூக்கால் பக்கத்துப் பூண்டு குதிரை முதுகில் வந்து சேரும், அதை வத்தலக்குண்டு சந்தைக்கு இறக்குகிற லாரி. ஒரு மாசி மாதத்து ஈரத்தில், முதுகில் மூட்டையோடு சறுக்கி விழுந்தார். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு மாதம் அசையக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவர், நான், இரண்டரை வயது வள்ளி. எங்களோடு சேர்ந்து அந்தக் கால், நாலாவது ஆள் மாதிரி அறையின் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

அவருடைய அண்ணனுக்குப் பழனி அடிவாரத்தில் கடை. விபூதி, குங்குமம், வேல், சாமி படம் எல்லாம் விற்பார்கள். அண்ணன் பெஞ்சாதியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பதினைந்து வருஷமாகப் பிள்ளை இல்லை. பங்குனியில், இவரைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு, வள்ளிக்கு முதல் மொட்டை போட அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா சொன்னாள்.

“ஒத்தக் கையா நீ எம்புட்டுத்தான் பாப்ப? புள்ளய இங்க விட்டுட்டுப் போ. சோத்துக்கும் பாலுக்கும் இங்க என்ன கொற கெடக்கு?”

நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் வள்ளியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். பிள்ளையில்லாத வீட்டில் விட்ட பிள்ளை திரும்பாது என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சீசன் முடிகிறவரை பொறுங்கள், அதற்குள் நானே ஒரு வழி பண்ணிவிடுவேன் என்றேன். அக்கா மறுக்கவில்லை.

“சரித்தா. வைகாசி முடியட்டும். அப்பவும் முடியலேன்னா நான் மேல வந்து கூட்டிட்டு வந்துருவேன். அழுகக் கூடாது.”

என்னிடம் இருந்த ஒரே கைத்தொழில் பின்னல். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு துரைசாணி வீட்டில் ஆயா வேலை பார்த்தபோது அந்த அம்மாள் கற்றுக்கொடுத்தது. ஊசியும் அவர் கொடுத்ததுதான். புதுக் கம்பளி நூல் வாங்க நமக்கு ஏது வழி? ஊருக்குக் கிளம்புகிற வெள்ளைக்காரர்கள் பழந்துணி மூட்டையை ஆயாக்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆயாக்கள் அதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குவித்து வைத்திருப்பார்கள். முழங்கை கிழிந்த ஸ்வெட்டராகப் பார்த்து நான் வாங்கி வருவேன். பிரிக்கிற வேலை வீட்டுக்காரருக்கு. பிரித்த நூல் சுருட்டை முடிபோல நெளிந்து நெளிந்து நிற்கும். கொதிக்கிற கெண்டியின் ஆவியில் காட்டி, மாவுக்கட்டுக் காலைச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கட்டினால் காய்ந்து நேராகும். “கால் ஒடஞ்சதுக்கும் ஒரு சோலி குடுத்துட்டா பாரு” என்று அவர் சிரிப்பார். அந்த வருஷம் அவர் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

வெள்ளனே எழுந்து விறகு பொறுக்கி, கஞ்சி வைத்து, அவருக்கு மலச்சட்டி எடுத்து, வள்ளியைக் குளிப்பாட்டி, நடுவே கிடைக்கிற நேரத்தில் பின்னுவேன். கொண்டையில் பூ வைக்கிற இடத்தில் பின்னல் ஊசி இருக்கும். அடுப்பு ஊதும்போது நாலு வரிசை, தண்ணீர்க் குழாயடியில் ஆறு வரிசை. பிள்ளை அழுதால் ஒரு கண்ணி நழுவும். திரும்ப எடுத்துக் கோக்க நேரம் இருக்காது. நான் பின்னிய குல்லாய் ஒவ்வொன்றிலும் வள்ளி அழுத இடம் சின்ன ஓட்டையாக இருக்கும். வாங்குகிறவர்கள் அதை டிசைன் என்று நினைத்தார்கள். நானும் ஆமாம் என்றேன்.

முதலில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். மொட்டை போட்டவர்களுக்குத்தானே குல்லாய் வேண்டும், அவர்கள் பழனியில்தானே இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, மொட்டைக்குப் போனபோதே ஒரு மூட்டைக் குல்லாயை அக்கா கடையில் தொங்கவிட்டேன். எல்லாம் வெள்ளை. பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. மொட்டையடித்து, குளித்து, தலை நிறையச் சந்தனம் அப்பிக்கொண்டு வருகிறவன் கம்பளிக் குல்லாயை என்ன செய்வான்? வேடிக்கைக்கு எடுத்து மாட்டிப் பார்த்தான், சிரித்தான், திருப்பித் தொங்கவிட்டுப் போனான். நாங்கள் கிளம்புகிறபோது அத்தனை குல்லாயும் உள்பக்கம் மஞ்சள் பூத்திருந்தது. கொண்டுபோய் மூன்று தண்ணீரில் துவைத்தேன். கறை மங்கியது, வாசனை போகவில்லை. எங்கள் அறை முழுக்க அந்த வாசனைதான். இரவில் போர்த்திக்கொள்ளும் போர்வைவரை ஏறிவிட்டது.

ஆனால் அதே பயணத்தில்தான் கண்ணும் திறந்தது. வள்ளியின் மொட்டைத் தலைக்கென்று தனியாக ஒரு சிவப்புக் குல்லாய் பின்னி வைத்திருந்தேன். யாரோ துரையின் பிள்ளை போட்டுக் கிழித்த ஸ்வெட்டரிலிருந்து வந்த நல்ல ரத்தச் சிவப்பு. உச்சியில் ஒரு குஞ்சலம். வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது, மேலே ஏறினால் குளிருமே என்று அவளுக்கு மாட்டினேன். அங்கே ஒரு மொட்டைக் கூட்டம், பழனி முடித்துவிட்டுக் கொடைக்கானல் பார்க்க மேலே வருகிறவர்கள். அதில் ஒரு அம்மாள் வள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, மேல அம்புட்டுக் குளிருமா?”

“தலையில முடி இல்லாட்டி மூளையே ஒறஞ்சிரும்” என்றேன். வாய் என்னவோ அப்போதும் நீளம்தான். சந்தனக் கறை படிந்த மூட்டையிலிருந்து ஐந்து குல்லாய் அங்கேயே போயிற்று. அவர்கள் தலையிலும் சந்தனம் இருந்ததால் கறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இப்படித்தான் என் மகள் என் விளம்பரப் பலகை ஆனாள். சித்திரை முழுக்க மத்தியானம் அவருக்குக் கஞ்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வள்ளியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடப்பேன். நாலு மணிக்கு மேல் மஞ்சு இறங்கி ஏரியைப் புகைபோல மூடும். படகில் சுற்றிவிட்டு ஏறுகிற மொட்டைகள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வரும். நான் கூவ வேண்டியதில்லை. வள்ளியின் குல்லாயைக் கழற்றி மொட்டையைத் தடவிக் காட்டுவேன், மறுபடி மாட்டுவேன். அவ்வளவுதான். அவளும் பழகிக்கொண்டு, ஆள் வந்தால் தானே கழற்றித் தலையைக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் பெருமைதான். நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

வைகாசி பிறந்ததும் விற்பனை சரிந்தது. சீசன் கூட்டம் குறைந்ததுதான் காரணமாக இருக்கும். என் புத்திக்கு வேறு காரணம் பட்டது. வள்ளிக்கு முடி வளர்ந்துவிட்டது. விரல்கடைக்குச் சுருள் சுருளாக அழகாக வந்திருந்தது. வைகாசி முடிய இன்னும் மூன்று வாரம், அக்கா வந்துவிடுவாள் என்கிற பயம் ஒன்றுதான் என் மண்டையில். மூஞ்சிக்கல் நாவிதரிடம் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

“இப்பத்தான பழனியில போட்டு வந்தீக. மறுபடி என்னத்தா வேண்டுதல்?”

“வேண்டுதல்தான் அண்ணே, வெரசா போடுங்க” என்றேன். கத்தி பட்டதும் வள்ளி அலறினாள். பழனியில் மடியில் வைத்துக்கொள்ள ஆள் இருந்தது, மேளம் இருந்தது, எல்லோரும் கொஞ்சினார்கள். இங்கே நான் மட்டும் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் அவள் தலையைப் பார்த்தார். பிரித்துக்கொண்டிருந்த ஸ்வெட்டரைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாபாரம் ஏறியது என்பதுதான் கொடுமை. அந்த வாரக் கடைசியில் ஒரு நாள், மழை பிடித்துக்கொண்டு மஞ்சு கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றது. மூன்று பஸ் நிறைய மொட்டைகள். மடியில் இருந்த அத்தனையும் போய்விட்டது. கிளம்பலாம் என்று எழுந்தபோது ஒருவர், வள்ளி வயதில் மொட்டையடித்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அந்தக் குழந்தை நீலம் பாரித்து நடுங்கியது.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு. என்ன வேணும்னாலும் தர்றேன்.”

இல்லை என்றேன். அவர் கண் வள்ளியின் தலைக்குப் போனது.

நான் கழற்றிக் கொடுத்தேன். அந்தக் குழந்தைமேல் இரக்கம் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். சீசன் முடியும்போது அக்காவிடம் காட்ட இன்னும் ஒன்று விற்றது என்கிற சந்தோஷம்தான் அது. அக்காவிடம் பிள்ளையை விட்டுவிடக்கூடாது என்று ஓடிய ஓட்டத்தில் பிள்ளையின் தலையைப் பார்க்க மறந்துவிட்டேன். வள்ளி இரண்டு கையாலும் மொட்டையைப் பொத்திக்கொண்டு, “அம்மா, தொப்பி” என்றாள். முந்தானையால் மூடிக்கொண்டு மழையில் இரண்டு மைல் நடந்தேன். வீட்டுக்கு வந்தபோது முந்தானை சொட்டச் சொட்ட நனைந்து அவள் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காய்ச்சல். மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் பூண்டு லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்ப, அக்கா பஸ் ஏறி வந்துவிட்டாள். அதற்குள் பிள்ளைக்குக் கண்டம் தாண்டியிருந்தது. அக்கா வந்ததும் வராததுமாக வள்ளியின் தலையைத் தடவினாள். கை அப்படியே நின்றது.

“பங்குனியில போட்ட மொட்ட. இந்நேரம் சுருட்டையா வளந்திருக்கணுமே. இது யாருக்குப் போட்ட மொட்டத்தா?”

நான் போர்வையை இழுத்து வள்ளியின் தலையை மூடினேன்.

“முருகனுக்குன்னா எனக்குச் சொல்லியிருப்ப.” அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குத் தெம்பாகக்கூட இருந்திருக்கும். நான்கு நாள் கழித்து, டாக்டர் கீழே சூட்டுக்குக் கொண்டுபோனால் நல்லது என்றதும், அவள் வள்ளியைத் தன் சேலைக்குள் பொதிந்துகொண்டு பஸ் ஏறினாள். அழக்கூடாது என்று முன்னமே சொல்லியிருந்தாளே. நான் அழவில்லை. வீட்டுக்குத் திரும்பி மாவுக்கட்டுக் காலில் சுற்றியிருந்த நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அடுத்த சீசனிலிருந்து ஏரிக்கரைக்குப் போகவில்லை. குறிஞ்சியாண்டவர் கோயில் பக்கம் உட்கார்ந்து விற்றேன். மஞ்சு இல்லாத நாளில் அங்கிருந்து பழனி மலை கீழே சின்னதாகத் தெரியும். வியாபாரம் நன்றாகவே நடந்தது. அவரும் எழுந்து நடமாடினார். வீடு ஒரு நிலைக்கு வந்த பிறகு வள்ளியைக் கூட்டி வரப் பழனிக்குப் போனோம். அவள் என்னைப் பார்த்துவிட்டு, “அம்மா, ஆரோ வந்திருக்காக” என்று அக்காவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அக்காதான் அழுதாள். நாங்கள் காபி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

இன்று அந்தக் கொடைக்கானல் இல்லை. துரைசாணிகளும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குவிந்த கிழிசல் ஸ்வெட்டர்களும் இல்லை. குல்லாய்கள் மெஷினில் பின்னி மூட்டை மூட்டையாக வருகின்றன, ஒன்றிலும் ஓட்டை கிடையாது. பூண்டுக் குதிரைகள் போயின. அவரும் போனார், அக்காவும் போனாள். என் கொண்டையிலிருந்த ஊசி இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை.

வள்ளியின் மூத்த பிள்ளைக்கு மொட்டை போட்டபோது எனக்கும் பத்திரிகை வந்தது, போயிருந்தேன். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

“சித்தி, நீங்க முன்னாடி குல்லா பின்னுவீங்களாமே. எம்புள்ளைக்கு ஒண்ணு பின்னித் தாங்களேன். செகப்புல.”

கண் சரியாகத் தெரிவதில்லை வள்ளி என்றேன். அப்போது எனக்கு ஊசியில் நூல் கோக்கிற அளவுக்குக் கண் தெரிந்தது.