ஈரப்பலாவோடு வந்த லாரிக்கார அண்ணன்

போன மாதம் பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். வந்து நின்ற பஸ்ஸின் டிரைவர் என்னைக் கண்டதும் எஞ்சினை அணைக்காமலே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ராசு அண்ணே, சேதி தெரியுமா? நம்ம லாரிக்கார அண்ணன் காலையில போயிட்டாருங்க." எந்த லாரிக்காரர் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பாதையில் ஓடியவர்களுக்கெல்லாம் லாரிக்கார அண்ணன் என்றால் மருதமுத்து ஒருவர்தான். அதே பஸ்ஸில் ஏறினேன். வளைவுக்கு வளைவு யாராவது ஏறினார்கள். செய்தியைக் கேட்டு உச்சுக் கொட்டினார்கள். அடுத்த நிமிடமே அவரைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சாவு வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே போன பஸ் அதுவாகத்தான் இருக்கும்.

கருமாதிக்கு வந்திருந்த இளையவர்கள் பலருக்கு அவரைக் கடைசிக் காலத்தில்தான் தெரியும். அவர்களுக்காகவும், ஒரே லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அவரோடு வாழ்ந்த உங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் பசறைக்குக் கீழே, வெயில் நன்றாக விழும் சரிவில் இருக்கிறது. நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அண்ணன் தோட்டத்து லாரி ஓட்டினார். அவருக்கும் எனக்கும் லயத்தில் அடுத்தடுத்த ஒற்றையறைக் காம்பரா. நடுவில் ஒரு சுவர். அவர் பேசினால் அந்தச் சுவர் இருப்பதே தெரியாது, அவ்வளவு சத்தம். தேயிலைப் பெட்டிகளோடு கொழும்புக்குப் போகிறவர் திரும்பும்போது எதையாவது பிடுங்கிக்கொண்டு வருவார். முருங்கைக் கொம்பு, கறிவேப்பிலைக் கன்று, முளைவிட்ட சௌசௌ. லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் எல்லாவற்றையும் நட்டார்.

ஒருநாள் மாலை ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கன்றைப் பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லாரியிலிருந்து இறங்கினார். இரத்தினபுரிப் பக்கம் ஒரு தேநீர்க்கடைக்கார அம்மா சீமைப்பலா என்று சிலர் சொல்லும் தன் ஈரப்பலா மரத்தடியிலிருந்து தோண்டிக் கொடுத்தாராம். வழியெல்லாம் அதற்கு வெயில் படாமல் மடியில் வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். அவர் மனைவி பார்வதி அக்கா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "அடுத்த வீட்டு ஆம்பளைங்க கருவாடு கொண்டாராங்க. இவரு குச்சி கொண்டாந்திருக்காரு பாருங்க!"

"இது குச்சி இல்லடி, சோறு!" என்றார் அண்ணன். "வருசா வருசம் வெதைக்கிறவனுக்குக் கையி ஓயாது. ஒருக்கா மரம் நட்டவனுக்கு வாயி ஓயாது."

"அதான் தெரியுதே," என்றார் அக்கா. லயமே சிரித்தது.

கன்று மெதுவாகத்தான் வளர்ந்தது. அது கூரைக்கு மேலே கையை விரித்தபோதுதான் அந்தக் கெட்ட காலமும் வந்தது. கூப்பனுக்குக் கடையில் தரும் ரேஷன் மாவு கிடைக்கவில்லை. அரிசியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. பசறைக் கடை வாசலில் நாள் முழுக்க நின்றுவிட்டு வெறும் பையோடு பெண்கள் மலையேறி வந்தார்கள். பிள்ளைகள் விளையாடுவதை நிறுத்திவிட்டார்கள். அது எங்களுக்குப் பட்டினியைவிடப் பயமாக இருந்தது.

அந்த வருடம்தான் ஈரப்பலா முதன்முதலாகக் காய்த்தது. அண்ணன் மரத்தின் மேல் நின்று, "அண்டாவ எடுத்துட்டு வாங்கடா!" என்று கத்தியது அடுத்த லயம் வரை கேட்டது. கோயில் அண்டாவைக் கொண்டுவந்தோம். பார்வதி அக்கா காய்களைச் சீவித் துண்டு போட்டு அவித்தார். உப்பும் இடித்த மிளகாயும்தான் தொட்டுக்கொள்ள. வெந்த காயின் வாசனை எழுந்ததும் பிள்ளைகள் அண்டாவைச் சுற்றி ஓடத் தொடங்கினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் பெரியவர்களுக்குக் கண் கலங்கியது. அண்ணன் தான் சாப்பிடாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். "எப்படியிருக்கு? சோறு மாதிரி இல்ல? சொல்லு, சோறு மாதிரி இல்ல?" பதில் சொல்ல யார் வாயும் காலியாக இல்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு பெருங்காற்றில் மரத்தின் கிளை முறிந்து கூரைத் தகரத்தைப் பிளந்தது. கீழே படுத்திருந்த குழந்தை தப்பியது தெய்வச் செயல். தோட்ட நிர்வாகியாகப் புதிதாக வந்திருந்த துரை மரத்தை வெட்டச் சொல்லிவிட்டார். அண்ணன் அன்று கொழும்பில். திரும்பி வந்தபோது அடிமரத்தைச் சரிவில் இழுத்துப் போன தடம்தான் இருந்தது. தரை முழுக்கக் கிளறிக் கிடந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, அக்கா கொடுத்த தேநீரை ஆறவிட்டார். அடுத்த சில வாரங்கள் நடுச்சுவர் சுவராகவே இருந்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

பிறகு மழை பிடித்தது. ஒரு காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்தில், என் கதவு உடைந்துவிடும்போல் இடி. "ராசு! வெளிய வா! ராசு!" ஓடினேன். அண்ணன் சேற்றில் முழங்கால் போட்டிருந்தார். காயம்பட்ட வேர்களிலிருந்து ஈரப்பலா முளைத்திருந்தது. என் காம்பராவுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் ஓடும் காணோரத்தில், கோழிக்கூட்டுக்குக் கீழே, எங்கே பார்த்தாலும் பச்சைக் குருத்து. "வெட்டுனாங்கல்ல? இப்ப எண்ணச் சொல்லு பாப்போம்!" என்று கத்தினார். சேற்றுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்கும் அதே நிலைதான்.

ஆனால் இவற்றையும் வெட்டிவிட்டால்? அன்றே தோட்ட ஆபீசுக்குப் போனார். நானும் கூடப் போனேன். "தொர, கூரை ஒடைஞ்சது தப்புதாங்க. புள்ளைக்கு ஆபத்துன்னா எனக்கும் மரம் வேணாம். கூரையில விழாத எடத்த நீங்களே காட்டுங்க, அங்க வைக்கிறோம்." துரை தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தேயிலை போடாத ஓடைக்கரை வரை நடந்து, கைத்தடியால் கோடு காட்டினார். "இந்தப் பக்கம் உங்களுக்கு. லயத்துப் பக்கம் ஒரு மரமும் வரக் கூடாது."

"வராதுங்க தொர. வந்தா நானே வெட்டுறேன்!"

குருத்துகள் வேர்பிடித்துக் கன்றானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையில் திருவிழாப்போல் கூட்டம். ஒரு குடும்பத்துக்கு ஒரு கன்று. அண்ணன் குழிக்குக் குழி ஓடி, "ஆழம் பத்தாது, இன்னும் தோண்டு!" என்று எல்லோரையும் விரட்டினார். கன்றுகளுக்கு நடுவே அக்கா முருங்கைக் கொம்புகளை ஊன்றினார். குச்சி என்று அவரைக் கேலி செய்ய யாருக்கும் துணிவில்லை. இப்போது அந்தக் கரையில் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒன்றைப் பறித்துக்கொண்டுதான் திரும்பலாம்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது கன்று அல்ல. அதைத் தோட்டம் முழுக்க எல்லோரும் வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டைக் கண்டு வெட்கமில்லாமல் சந்தோஷப்படும் அந்தக் குணத்தைத்தான் வைத்துக்கொண்டேன். பசியைப் பற்றி வெளியே பேசக் கூச்சப்பட்டு வளர்ந்தவன் நான். நேற்று என் வீட்டு வேலியில் பாஷன்பழக் கொடி பூத்தது. தெருவில் போன முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்தி, கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.