பூசை முந்தியா, பேரு முந்தியா?

லாரிக்குப் பாடி கட்டறதுல இரும்ப வளைக்கறது சுளுவுங்க, எது முந்தி எது பிந்தின்னு ஆளுகள வளைக்கறதுதான் பாடு. ஏதாச்சும் ஒரு பட்டறைல மாரடிச்சவங்களா இருந்தா உங்களுக்கே தெரியும். நாமக்கல் ரோட்டுல எங்க பட்டறை. ஆபீஸ் மேசை எம்பொறுப்பு.

தலைகீழா வந்த வண்டி

எம்பேத்தி கம்ப்யூட்டர் வேலைல இருக்கறா. "அம்மாயி, கருப்புத் திரைல டிசார்ட்னு ஒண்ணு இருக்குது. வரிக்கு ரெண்டு வேலை அடி. முந்தி முடியோணும்ங்கறத முன்னால போடு. மொத்தத்தையும் அதுவே வரிசை பண்ணிக் குடுத்துரும்"னு போன்ல சொன்னா. அவ ராசிபுரத்துல வாக்கப்பட்டவ. அவ மாமியா நெய் உருக்குனா வாசம் இங்க போனுக்கே வந்துரும். அந்த நெய்ய ஒருக்கா பஸ்ஸுல கொண்டாந்து... செரி, அத உடுங்க. அந்த நெனப்புலயே முன்னால பின்னால மாத்தி அடிச்சுப்போட்டேன். திரைல சொட்டுச் சொட்டா வரிசை எறங்குது: மொதல்ல டெலிவரி, அப்பறம் பெயிண்ட், கடைசில சேஸ், அதான் பாடி கட்டாம வர்ற மொட்டை வண்டி. ஆறு மேடேறிப் போறதப் பாக்கறாப்புல பாத்துட்டு உக்காந்திருந்தேன். வெல்டர் மாரப்பன் எட்டிப் பாத்தாரு.

"ஏனுங்கம்மா, வண்டியக் குடுத்துப்போட்டு அப்பறமாக் கட்டறதுங்களா?"

வட்டத்துல நின்ன வண்டி

பழனியப்பன் காலமெல்லாம் அடுத்தவங்க லாரி ஓட்டுனவரு. இதுதான் அவருக்கு மொதச் சொந்த வண்டி. வெள்ளிக்கெழமை காலைல கோழிப்பண்ணைல முட்டை லோடு. வண்டி போகலீன்னா லோடு வேற ஆளுக்கு.

இந்தத் தடவை சரியாத்தான் அடிச்சேன். ஆனா டிசார்ட், வட்டம் இருக்குதுன்னு இங்கிலீசுல சொல்லி ரெண்டு வேலையக் காட்டுச்சு: பூசை, பேரு. பெயிண்டர் செல்வம் பூசை போடாத வண்டில சாமி பேர எழுத மாட்டாராம். பழனியப்பன் பேரில்லாம பூசை போட மாட்டாராம்.

"என்ற குலசாமி பேரே இல்லீன்னா, பூசை ஆருக்குன்னு போய்ச் சேருமுங்க?"

சுழி

வியாழக்கெழமை மத்தியானம். வெல்டிங் பொறி பூவாட்டம் கொட்டுது, எனக்குக் கண்ணு சொக்கிருச்சு. முட்டையெல்லாம் லாரிக்குக் காத்திருந்து சலிச்சு, தானா வானத்துல மெதந்து போகுது. பழனியப்பன் கையாட்டிட்டு நிக்கறாரு. திக்குன்னு முழிச்சேன். திரைல, அடுத்து அடிக்கற எடத்தக் காட்டற கோடு மினுக்கு மினுக்குன்னு காத்துட்டிருக்குது.

பேரெழுதறது ஒரே வேலையா என்ன? ரெண்டாப் பிரிச்சு அடிச்சேன். புள்ளையார் சுழி முந்தி, பூசை நடுவுல, பேரு பிந்தி. வட்டம் அவுந்து வரிசை ஒழுகி வந்துச்சு. "சுழிதானுங்களே, அதுக்கென்ன"ன்னு செல்வம் பிரஷ்ஷ எடுத்தாரு. பழனியப்பன் அந்தச் சுழிக்கே கற்பூரம் காட்டுனாரு. விடியறப்ப பேரு பளபளக்குது, டயருக்கடில எலுமிச்சம்பழம் நசுங்குது. ஜன்னல்ல தலைய நீட்டிப் பழனியப்பன் கத்துனாரு.

"முட்டைக்குப் போயிட்டு வாரேனுங்கம்மா, அந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வெச்சுருங்க!"

எல்லாத்தையும் வரிசை போட்டுத் தர்ற டிசார்ட்டுக்கு, எந்த வேலைக்கும் முந்தி எங்காளுகளுக்கு டீ வந்தாகோணும்ங்கறது மட்டும் இன்னும் தெரியலீங்க.