தகரக் கொட்டிலும் பேஸ் பெட்டியும்

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு எலெக்ட்ரோனிக்ஸ் கடைக்குள் நின்றேன். பிள்ளைகள் கனநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு செட் ஒன்று வாங்கலாம் என்று எண்ணம். கீழே ஒரு சப்வூஃபர், இரண்டு பக்கமும் ஹோர்ன் ஸ்பீக்கர், விலையும் என் கைக்கு எட்டக்கூடியது. கடைக்காரர் சத்தத்தைக் கூட்டியதும் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த மணிக்கூடுகள் எல்லாம் கிலுகிலுத்தன. எனக்குப் பக்கத்தில் மின்விசிறி வாங்க வந்து நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார். "இப்ப கொட்டில் வீடுகளிலயும் உது நிக்குது. பேந்து உதவி வேணுமெண்டு அரசாங்கக் கந்தோர் வாசலில வந்து நிப்பினம்."

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. கெட்ட மனிதராகவும் இருக்கமாட்டார். நான் செட்டை வாங்காமல் வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மாங்குளம் வரும்வரை ஹெல்மெட்டுக்குள் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன். சொல்லவேண்டிய மறுமொழிகள் எனக்கு எப்போதும் பாதி வழியில், முறிகண்டி தாண்டிய பிறகுதான் வரும். அவரிடம் சொல்லாததை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு செட் இருந்தது. வீடு என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. சண்டை முடிந்து மீள்குடியேறிய புதிதில் நான்கு பக்கமும் தகரம் அடித்து, மேலே தறப்பாள் இழுத்துக் கட்டிய கொட்டில். வெயிலுக்குத் தறப்பாள் விடும் அந்த எண்ணெய் மணம் இன்றைக்கும் எங்காவது வந்தால் நான் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவேன். அதற்குள் அம்மா, அக்கா, நான். அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை: உள்ளிருந்து கொண்டி போட்டுப் படுக்க ஒரு மரக்கதவு.

அக்கா சின்ன வயதிலிருந்தே பாட்டுப் பைத்தியம். பற்றரி கிடைக்காத காலத்தில் வன்னியில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில்தான் ரேடியோ கேட்போம். மிதிகட்டையைக் கையால் சுற்றுவது என் வேலை, கேட்பது அவள் வேலை. எனக்குக் கை ஓய்ந்தால் பாடுகிறவருக்கும் குரல் இறங்கும். "சுத்தடா தம்பி, சரணம் வருது" என்பாள். அந்த அக்காவுக்குத்தான் சண்டையின் கடைசி மாதங்களில், பங்கருக்குப் பக்கத்தில் விழுந்த ஷெல்லோடு வலது காது முழுதாகப் போனது. இடதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காதடியில் நின்று கத்தினால் பாதி விளங்கும். தன் குரல் தனக்கே கேட்காததால் அவளும் ஊருக்குக் கேட்கத்தான் கதைப்பாள்.

நான் மாங்குளம் சந்தியில் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மரத்தில் மோதி நொறுங்கிய வான் ஒன்று அங்கே வந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு சப்வூஃபரும், சீற்றுக்குக் கீழே ஒரு அம்பிளிபையரும் கிடந்தன. வான்காரர் அதைப் பார்க்கவே விரும்பவில்லை. "கொண்டு போ" என்றார். ஹோர்ன் இரண்டும், ஊரெல்லாம் அறிவித்தல் சொல்லித் திரிந்து ஓய்ந்த ஓட்டோவிலிருந்து கழற்றியவை. கரண்ட் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. வெளிச்சத்துக்கென்று ஒரு நிறுவனம் தந்த சோலர் தகட்டில், அந்த வானிலேயே கழற்றிய பற்றரியைச் சார்ஜ் பண்ணினேன்.

எனக்கு இந்த வேலை தெரியும் என்று நான்தான் ஊரில் சொல்லித் திரிந்தேன். முதல் நாள் ஹோர்ன் போட்ட கீச்சலில் கோழிகள் கிணற்றடிக்கு ஓடின. மேளம்போல அதிரும் பேஸ் சத்தம் ஹோர்னுக்குள் போகாமல் இடையில் ஒரு கண்டென்சர் போடவேண்டும் என்பது, ஒரு ஹோர்ன் கருகி மணத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு அறிவித்தல்காரரிடம் பல்லைக் காட்டி இன்னொன்று வாங்கிவந்தேன். சப்வூஃபருக்குப் பிளைவூட்டில் நான் அடித்த பெட்டி மூலைக்கு மூலை காற்று விட்டது. மரத்தூளைப் பசையில் குழைத்து அம்மாதான் இடைவெளிகளை அடைத்துத் தந்தார். "உன்ர பெட்டிக்கும் எங்கட கொட்டிலுக்கும் வித்தியாசமில்லை" என்றார்.

பேஸ் பெட்டியை அக்காவின் பலகைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். ஒரு ஹோர்னை இடது பக்கத் தலைமாட்டில் கட்டினேன், மற்றதைக் கால்மாட்டில். வானின் சீடி பிளேயரில் கோயில் மேளம் பதிந்த ஒரு தட்டைப் போட்டேன். அக்கா படுத்தபடி முதலில் என்னைத்தான் பார்த்தாள், இவன் என்ன கூத்தாடுகிறான் என்பதுபோல. பிறகு உள்ளங்கையைப் பலகையில் வைத்தாள். பிறகு மற்றக் கையையும்.

"தம்பி, தவில்" என்றாள். "தவில்தானே? முதுகில அடிக்குது." கொஞ்சம் பொறுத்து, "இந்தப் பக்கத்தால நாயனமும் வருது" என்றாள். அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்து நின்றார். சண்டைக்குப் பிறகு அக்கா தானாக ஒரு சத்தத்தின் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து கட்டிலில் இருந்துதான் அவளுக்குக் கைத்தையல் வேலை. செட்டைப் போட்டுவிட்டு, சுருதிக்குச் சம்பந்தமில்லாமல், ஊருக்கே கேட்கப் பாடுவாள். தகரம் முழுக்க அதிரும். எனக்கு அது பழகிவிட்டது. இப்போது நினைத்தால் அந்த அதிர்வைத்தான் தேடுகிறேன்.

வீட்டுத்திட்டத்துக்குத் தகுதியான குடும்பங்களைப் பார்க்க ஒரு பெண் உத்தியோகத்தர் வந்தார். எங்கள் ஒழுங்கையில் திரும்பும்போதே அவருக்குச் சத்தம் கேட்டிருக்கும். வாசலில் நின்று எங்கள் தறப்பாளைப் பார்க்கவில்லை, ஒழுகும் இடத்தில் வைத்திருந்த சட்டியைப் பார்க்கவில்லை. ஹோர்னைத்தான் பார்த்தார்.

"அம்மா, உவ்வளவு பெரிய செட் வைச்சிருக்கிறியள். உங்களைவிடக் கஷ்டப்பட்ட சனம் இருக்குது."

"அது வாங்கினதில்லைப் பிள்ளை. பெடியன் உடைசலில பொறுக்கிச் செய்தவன். மூத்தவளுக்குக் காது கேளாது, அதுக்குத்தான்."

"காது கேளாதவைக்கு என்னத்துக்குப் பாட்டு?"

அவர் குத்திப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அக்கா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயசைவை வாசிக்க அவள் அப்போது நன்றாகப் பழகியிருந்தாள்.

வீடு கிடைக்கப்போகிறவர்களைக் கூப்பிட்டபோது எங்களைக் கூப்பிடவில்லை. முறையிட்டதில், திரும்ப வந்து பார்ப்போம் என்றார்கள். ஊர்ச் சங்கத் தலைவர் நல்லது நினைத்துத்தான் அம்மாவிடம் சொன்னார்: "அண்டைக்கு மட்டும் உந்தச் செட்டைக் கொண்டுபோய் எங்கட வீட்டில வைச்சிடுங்கோ." அம்மாவும் அரை மனதோடு தலையாட்டினார். அக்காதான் எழும்பி நின்றாள்.

"நான் என்ன களவெடுத்தனானோ? என்ர காதைக் கொண்டுபோய் ஒளிக்கச் சொல்லுறியள். நான் மாட்டன்."

அதே உத்தியோகத்தர்தான் திரும்ப வந்தார். அக்கா அவரைக் கையைப் பிடித்துக் கட்டிலில் இருத்தினாள். என்னைப் பார்த்து, "போடு" என்றாள். தவில் தொடங்கியது. உத்தியோகத்தர் பலகையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். முகம் மாறியது. கன நேரம் எழும்பவில்லை.

"விளங்குது தங்கச்சி" என்றார் கடைசியில். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "ஆனா இதை நான் என்னெண்டு எழுதிறது? படிவத்தில செட் இருக்கோ இல்லையோ எண்டுதான் கேக்கினம். ஏன் இருக்கு எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

செட் இருக்கிறது என்றே அவர் எழுதிக்கொண்டு போனார். எங்களைத் தவிர, சுற்றிவர எல்லோருக்கும் அத்திவாரம் வெட்டினார்கள். நான் கேட்கிறேன், வறுமைப்பட்டவன் எப்படி இருந்தால் இவர்களுக்குத் திருப்தி? வாயைப் பொத்தி, வீட்டையும் இருட்டாக்கி வைத்திருந்தால்தான் ஒரு கூரைக்குத் தகுதியா? சிரிக்கிற சத்தம் வெளியே கேட்டால் வசதியானவர்கள் என்று கணக்கா?

அந்த மாரிமழை பொல்லாத மழை. நிலத்தில் பாய் போட முடியவில்லை. அம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொன்னால் அக்காவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஈர நிலத்திலேயே படுப்பார். ஒரு பின்னேரம் அக்கா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒளிச்சு வைச்சிருந்தா வீடு வந்திருக்கும், என்னம்மா?" என்று கேட்டாள். அம்மா அவளுடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாயசைவு தெரியும்படி மெல்லச் சொன்னார்: "நீ செய்தது சரி. வீடு பேந்தும் வரும்."

வீடு வருமுன் அம்மா போய்விட்டார். ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி என்றார்கள். நான் ஈரம் என்கிறேன்.

அடுத்த திட்டத்தில் எங்களுக்குக் கல்வீடு வந்தது. அதற்குள் பெட்டி ஊறிப் பிளந்து, ஸ்பீக்கர் கடதாசி பூஞ்சணம் பிடித்து, செட் தானாகவே செத்துப்போயிருந்தது. வீட்டில் இப்போது அப்படி ஒரு பொருளும் இல்லை, நாங்கள் தகுதியானவர்கள். வீட்டுத் திறப்பைக் கையில் கொடுக்க வந்தவர்கள் படம் எடுத்தார்கள், அக்காவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "நன்றி. அம்மாவுக்குப் பிந்திப்போச்சு" என்றாள், தன் வழக்கமான குரலில். 

பிறகு எனக்குக் கையில் கொஞ்சம் தொழில் வந்தது. புதுப் பெட்டி அடித்து, கட்டிலுக்குக் கீழே முன்போல வைத்துத் தருகிறேன் என்று அக்காவிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். கல்வீட்டில் கரண்ட் இருக்கிறது, பற்றரிகூடத் தேவையில்லை. ஒரே மறுமொழிதான். "வேண்டாம் தம்பி. அதைப் போட்டா எனக்குத் தவில் கேக்காது. வீடு பாக்க வந்த அந்த மிஸ் கேட்டதுதான் கேக்கும்."

சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில், முகம் கழுவிக்கொண்டு வந்து, உப்பு முடிந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள், இடது காதில் இருந்த கொஞ்சமும் நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு அவள் பாடி நான் கேட்கவில்லை.