நாலாம் மாடிக்குப் படலை இல்லை

"எமது வாடிக்கையாளர் உலகம் சுற்றிக் களித்தவர். ஓய்வின் அருமை அறிந்தவர். நல்ல முதலீட்டையும் நல்ல சூரிய அஸ்தமனத்தையும் பார்த்த மாத்திரத்தில் இனங்கண்டுகொள்பவர்."

கம்போடியாவின் தென்பகுதியில் கம்போட் என்று ஓர் ஊர். உல்லாசப் பயணிகள் இப்போதுதான் மோப்பம் பிடித்து வரத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே ஆற்றங்கரையில் புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் விற்பனைக் கையேடுதான் இப்படிச் சொன்னது. அட்டையில் தங்க எழுத்தில், 'சர்வதேச ஓய்வில்ல முதலீட்டாளர் திருமதி புஷ்பராணி அவர்களுக்கு' என்று அச்சடித்திருந்தார்கள்.

திருமதி புஷ்பராணி கனடாவின் மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளிகளைத் தூக்கி இருத்திக் குளிப்பாட்டித் தள்ளுநாற்காலியில் கொண்டுதிரிகிற வேலை செய்பவள். வருடாவருடம் கிடைக்கிற விடுமுறையை மற்றவர்களின் வேலைமுறையைச் செய்து தீர்த்துவிடுவாள். கடலைப் பார்த்தால் தலை சுற்றும். சூரியன் மறைகிற நேரம் அவள் குடியிருக்கிற கட்டடத்தின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற மெசின் சும்மா இருக்கிற நேரம் என்பதால், அஸ்தமனம் என்றால் அவளுக்குச் சவர்க்காரத்தூள் மணம்தான்.

ஓய்வு விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் இரண்டு தரிப்புக்கு ஒருமுறை எழும்பி வேறு இடம் மாறுவாள். தேத்தண்ணியை நின்றபடி குடிப்பாள். தொலைக்காட்சி நாடகத்தைக் குசினிக்குள் நின்று காதால் பார்ப்பாள். "அம்மாவுக்கு லீவு குடுக்கிறதும் மீனுக்குக் குடை குடுக்கிறதும் ஒண்டு" என்பாள் மகள் தனுஷா.

இப்படிப்பட்டவள் ஓய்வில்லம் வாங்கப் புறப்பட்டதற்குக் காரணம் ஓய்வுமில்லை, முதலீடுமில்லை. அண்ணன்.

அண்ணன் கணேசலிங்கம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். அம்மா செத்தபோது, "நான் வாறன், வந்த பிறகு எடுங்கோ" என்று புஷ்பராணி சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். நாள் சரியில்லை என்று ஐயர் சொன்னார், வைத்திருக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள், அண்ணன் எரித்துவிட்டார். நடுவழியில் விமானம் மாறக் காத்திருந்த இடத்தில் அவளுக்குச் செய்தி கிடைத்தது. அங்கிருந்தே திரும்பி மொன்றியலுக்கு வந்தாள். வந்து இறங்கியதும் அண்ணனுக்குப் போன் எடுத்து, "உன்ர படலை இனி நான் மிதிக்கமாட்டன்" என்றாள். அண்ணனும் சளைக்காமல், "உன்ர வாசலுக்கு நானும் வரமாட்டன்" என்றார். இருவருமே சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள். இந்தக் குடும்பத்துக்கு வாய்த்த ஒரே பெருமையும் அதுதான், பெரிய கஷ்டமும் அதுதான்.

சென்ற மாரியில் அண்ணனின் மனைவி தனுஷாவிடம் தொலைபேசியில் சொன்னாள்: மாமாவுக்குக் கண்ணில் பிரஷராம். ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மெல்ல மெல்ல மங்குகிறது, இனித் திரும்பாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்ட நாளிலிருந்து புஷ்பராணிக்கு உள்ள அமைதியும் போயிற்று. தான் அண்ணனைப் பார்ப்பது பெரிய விஷயமில்லை, வட்ஸ்அப்பில் படம் வருகிறது. அண்ணன் தன்னைப் பார்க்க வேண்டும். கண் இருக்கும்போதே பார்க்க வேண்டும். எங்கே வைத்து? அதுதான் கேள்வி.

யாழ்ப்பாணம் போய் வேறொரு வீட்டில் நிற்கலாம். ஆனால் ஊருக்கு வந்தும் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை என்றால் அது புதுச் சண்டை. கொழும்பு என்றால் வெள்ளவத்தையில் இறங்க முன்னமே செய்தி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிடும், அங்கேயும் அதே சண்டை. கனடாவோ அவளுடைய வாசல். ஆகவே மூன்றாவது நாடொன்று வேண்டும். இலங்கைப் பாஸ்போட்டைக் கண்டதும் முகம் சுளிக்காத நாடு. கம்போடியா அப்படியொரு நாடு என்று கேள்விப்பட்டாள்.

அங்கே போய் ஒரு ஹோட்டலில் நின்றால் என்ன என்று வாசிப்பவர் கேட்கலாம். புஷ்பராணிக்கு அது தோன்றவேயில்லை. அவளுடைய ஆட்கள் ஊர்களுக்குப் பயணம் போவதில்லை, வீடுகளுக்குப் போவார்கள். லண்டன் என்பது சின்னம்மாவின் மகள் வீடு. பாரிஸ் என்பது பெரியப்பாவின் மகன் வீடு. ஈபெல் கோபுரம் அந்த வீட்டுக்குப் போகிற வழியில் நிற்கிற ஒரு சாமான். கம்போடியாவில் சொந்தத்தில் ஒரு குஞ்சும் இல்லை. வீடில்லாத நாட்டுக்குப் போக வேண்டுமானால் முதலில் அங்கே வீடு ஒன்று உண்டாக்க வேண்டும். இதில் என்ன பிழை?

வீடு விற்கிறவன் நிதின். கோயம்புத்தூர்ப் பையன், கணினிக் கம்பனியில் வேலை, சனிக்கிழமைகளில் இது. புவாண்ட்-கிளேரில் ஒரு கடைத்தொகுதியின் கோப்பிக்கடைதான் அவனுடைய அலுவலகம். மடிக்கணினியைத் திறந்து நீச்சல்குளத்தைக் காட்டினான். உடற்பயிற்சிக்கூடத்தைக் காட்டினான். புஷ்பராணி கதிரைக்குப் பின்னால் நின்றபடி பார்த்தாள்.

"உட்காருங்க ஆன்ட்டி."

"இருக்கட்டும் தம்பி. இலங்கைப் பாஸ்போட்டுக்கு அங்க விசா குடுப்பினமோ?"

"நீங்க கனடியன் சிட்டிசன்தானே?"

"நான் கேக்கிறது எனக்கில்லை."

"ஆன்லைன்லயே எடுத்துடலாம் ஆன்ட்டி."

"வங்கியில என்ன வைச்சிருக்கிறீர், திரும்பிப் போவீரோ எண்டு குடையமாட்டினமோ?"

"டூரிஸ்ட் வந்தா போதும்னு இருக்காங்க ஆன்ட்டி."

"அப்ப நல்ல நாடு" என்றாள் புஷ்பராணி. கம்போடியாவைப் பற்றி அவள் அறிய விரும்பியது அவ்வளவுதான். "எனக்குக் கீழ்வீடு தாரும். கண் மங்கின ஆளுக்குப் படி சரிவராது."

நிதின் தலையைச் சொறிந்தான். "வெளிநாட்டவங்களுக்குத் தரைத்தளம் கொடுக்கக் கூடாதுன்னு அங்க சட்டம். மேல்தளம்தான். லிஃப்ட் இருக்கு, கவலப்படாதீங்க."

"அப்ப காணி?"

"காணி நம்மளுது கிடையாது. சுவருக்குள்ள இருக்கிறது மட்டும்தான்."

யாழ்ப்பாணத்து மனிசர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் எழும்பிப் போயிருப்பார்கள். காணியில்லாத வீடு என்பது அவர்களுக்குக் காலில்லாத கட்டில். புஷ்பராணி யோசித்துவிட்டு வேறொன்று கேட்டாள்: "மதில், படலை ஒண்டுமில்லையோ?"

"படலைன்னா?"

"கேற்."

"நாலாவது மாடிக்கு எதுக்கு ஆன்ட்டி கேட்?"

அன்றைக்கு முதல்தடவையாக அவள் கதிரையில் இருந்தாள். படலையே இல்லாத வீடு! மிதிப்பதற்கு ஒன்றும் இல்லை. அண்ணனின் சொல்லும் உடையாது, தன் சொல்லும் உடையாது. இதைச் சட்டமாக எழுதிவைத்த நாட்டின் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை வந்தது. நாலாம் மாடியில் ஒன்றைத் தனக்கென்று பதிந்து வைக்கச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை காலை தனுஷா போன் எடுத்தாள். யாழ்ப்பாணத்தில் அப்போது பின்னேரம். அண்ணனும் தங்கையும் நேரடியாகக் கதைப்பதில்லை. அங்கே மாமி, இங்கே தனுஷா, நடுவில் ஸ்பீக்கர். எல்லோருக்கும் எல்லாம் கேட்கும். ஆனாலும் ஒருவர் சொல்லித்தான் மற்றவருக்குத் தெரிய வேண்டும்.

"மாமி, அம்மா கம்போடியாவில வீடு எடுக்கிறாவாம். மாமாவையும் உங்களையும் வரச்சொல்லிச் சொல்லுறா."

"எங்க பிள்ளை?"

"கம்போடியா. விசா சுகமாம்."

பின்னாலிருந்து ஓர் ஆண்குரல்: "அது ஆற்ர வீடு எண்டு கேள்."

குசினிக்குள் நின்று புஷ்பராணி கத்தினாள்: "என்ர வீடெண்டு சொல்லு!"

"கேட்டுது எண்டு சொல்லு. அப்ப வரமாட்டன் எண்டும் சொல்லு."

தனுஷா வாயைத் திறக்க முன்னம் புஷ்பராணி அகப்பையோடு வெளியே வந்துவிட்டாள். "ஏனாம்? அதில படலையே இல்லை எண்டு சொல்லு. நாலாம் மாடி. நிலமே இல்லை."

"படலை இல்லாட்டி மனிசர் என்னெண்டு உள்ளுக்கை போறது? யன்னலாலயோ?" என்றார் கணேசலிங்கம். "கதவும் வாசல்தான். அவவின்ர வாசல் மொன்றியலில இருந்தாலென்ன, கம்போடியாவில இருந்தாலென்ன?"

"இந்தாள் ஒரு விசர்" என்றாள் மாமி. அது யாரும் யாருக்கும் சொல்லிவிட வேண்டியதாக இருக்கவில்லை.

புஷ்பராணி கூடத்துக்கும் குசினிக்கும் இரண்டு தரம் நடந்தாள். பிறகு, "சரி, அப்ப அவரின்ர பேரிலயே எழுதிவிடுறன் எண்டு சொல்லு" என்றாள்.

"எழுதினால் அவ எப்பிடி வருவா?" குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "என்ர வாசல் மிதிக்கமாட்டன் எண்டவவல்லோ. நான் அங்க தனிய இருந்து என்ன செய்யிறது? அதையும் யோசிச்சுத்தான் சொல்லுறன் எண்டு சொல்லு."

தனுஷா தாயைப் பார்த்தாள். கனடாவில் பிறந்த பிள்ளைக்கு இந்தச் சட்டமெல்லாம் பாதிதான் விளங்கும். ஆனால் மாமா வர விரும்புகிறார் என்பது முழுதாக விளங்கியது. விரும்பாதவர் எதற்காக அவ்வளவு தூரம் யோசிக்கிறார்?

"பேந்து எடுக்கிறம் மாமி" என்று போனை வைத்தாள்.

அந்தக் கிழமை முழுக்க புஷ்பராணி ஆஸ்பத்திரியில் ஓடினாள். தள்ளத் தேவையில்லாத நாற்காலிகளையும் தள்ளினாள். நடக்க முடிந்த ஒரு கிழவர், "மெர்சி மதாம், எனக்குக் கால் இருக்கிறது" என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டியிருந்தது. தன் பேரில் வாங்கினால் அண்ணன் வரமாட்டார். அண்ணன் பேரில் வாங்கினால் தான் போக முடியாது. இரண்டு பேர் பேரிலும் வாங்கினால் இரண்டு பேருமே வெளியில் நிற்க வேண்டியதுதான். தனுஷாவின் பேரில் எழுதலாம். அவளுடைய வாசலும் தங்கச்சி வாசல்தான் என்று அண்ணன் கட்டாயம் சொல்லுவார். இந்த வழக்குத் தீரும்வரைக்கும் அவருடைய கண் காத்திருக்குமா?

சனிக்கிழமை நிதின் பத்திரங்களை விரித்துவைத்துக் காத்திருந்தான். உற்சாகமூட்டுவதற்காக மேலேயிருந்து எடுத்த புதுக் காணொளி ஒன்றையும் போட்டான். ஆறு வந்தது, கட்டடம் வந்தது, நாலாம் மாடியின் பால்கனி வந்தது. பால்கனிக்கு எதிரே, பச்சை யன்னல்கள் வைத்த பழைய மாடிவீடு ஒன்று. கொடியில் படுக்கைவிரிப்புகள் காய்ந்தன.

"அது ஆற்ர வீடு தம்பி?"

"அது வீடில்ல ஆன்ட்டி, கெஸ்ட் ஹவுஸ். வியூவைக் கெடுக்குதுன்னு நாங்களே கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருக்கோம். சீக்கிரம் எடுத்துடுவாங்க."

"இப்ப இருக்கோ?"

"இப்ப இருக்கு."

"கீழ அறை இருக்குமோ?"

"இருக்கும். வாடகைக்குத்தானே, யார் வேணும்னாலும் எங்கேயும் தங்கலாம்."

"அப்ப அது ஆற்ர வாசல்?"

நிதின் இந்தக் கேள்விக்குப் பயிற்சி பெற்றவனல்ல. "யாரோட வாசலும் இல்ல ஆன்ட்டி. காசு குடுத்தா சாவி, கிளம்புறப்ப சாவியத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிடணும்."

"நீர் இதை முதலே சொல்லியிருக்கலாம்" என்றாள் புஷ்பராணி. அவள் சொன்ன விதத்தில் அவனுக்கே தான் ஏதோ மறைத்துவிட்டோமோ என்று பட்டது.

"ஆன்ட்டி, கையெழுத்து?"

அவள் ஏற்கெனவே எழும்பிவிட்டாள்.

சர்வதேச ஓய்வில்ல முதலீட்டாளர் திருமதி புஷ்பராணி வீடு வாங்கவில்லை. அந்த விடுதியின் கீழ்த்தளத்தில் அடுத்தடுத்து இரண்டு அறைகள் எடுத்தாள். அண்ணனுக்கும் மச்சாளுக்கும் விமானச்சீட்டு அனுப்பினாள். தை மாதம் கம்போட்டுக்குப் போய், அவர்கள் வந்திறங்கிய பஸ்ஸடியில் நின்று, நடுவில் ஒருவரும் இல்லாமல் "அண்ணை" என்று கூப்பிட்டாள்.